நனைந்த கை

மழை பெய்தால் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டு இல்லை. ஈரப்பட்டையில் உளி போட்டால் பால் வெட்டுக்கோட்டில் நிற்காது. மரம் முழுக்கப் பரவி வழிந்துவிடும். மங்கில் சேர்வதில் பாதி மழைத்தண்ணீராக இருக்கும். போதாததற்கு ஈரத்தில் பூசணம் பிடித்து வெட்டுமுகம் கறுத்துப்போகும். அதனால் விடியற்காலையில் பெரட்டுக் களத்துக்கு வந்தவர்கள் காண்டா வாளியைக் கீழே வைத்துவிட்டு வானத்தைப் பார்த்தபடி நிற்பார்கள். மழை விடவில்லை என்றால் கிராணி வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார். அன்றைய சம்பளம் அதோடு போயிற்று.

சுங்கை சோ, செரண்டா, பத்தாங் காலி, அந்தப் பக்கம் புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை என்று வட சிலாங்கூரின் கித்தாக் காடுகளில் வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு மழை நாள் என்றால் மீன் பிடிக்கும் நாள். பெரியவர்களுக்கு வேலை இல்லை. ஆனால் உலை வைத்தாக வேண்டும். தோட்டத்துக் கால்வாய்களிலும் ஈயம் எடுத்துவிட்டுப் போன குட்டைகளிலும் ஆருவானும் கெலியும் புயுவும் செப்பாட்டும் இருந்தன. மூங்கில் கழி, நைலான் நூல், மண்புழு, இவ்வளவுதான் சாமான். கையுறை என்று ஒன்றை யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. ஆனாலும் கைக்குக் காவல் இருந்தது. கெலியின் பக்கத்துடுப்பு முள் குத்தினால் முழங்கைவரை கடுக்கும். புயுவின் செவுள் மூடியின் ஓரம் ரம்பப் பல். என் மாமா பழைய கைலியில் கிழித்த துணியைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து இடது கையில் சுற்றிக்கொள்வார். உள்ளங்கையும் பின்னங்கையும் மூடியிருக்கும். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் வெளியே இருக்கும். தூண்டில் முள்ளைக் கழற்ற அந்த இரண்டு விரல் வேண்டும் என்பார். துணியை ஏன் நனைக்க வேண்டும் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இது: "காஞ்ச துணியில புடிச்சா மீனோட வழவழப்பெல்லாம் துணிக்கு வந்துரும்டா. அப்புறம் வாளித் தண்ணியில போட்டாலும் ரொம்ப நேரம் உயிரோட இருக்காது." ஆருவானை உயிரோடு கொண்டுபோனால்தான் பட்டணத்துக் கடையில் நல்ல விலை.

மீன்பிடிக் கையுறையைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு முதலில் அந்தத் துணிதான் நினைவுக்கு வருகிறது. கையில் எதை மூடுவது, எதைத் திறந்துவிடுவது என்ற கணக்கு அதில் சரியாக இருந்தது.

இப்போது கேட்டிருப்பவன் என் அக்கா மகன். ஸ்காட்லாந்தில் வேலை. அங்கே டீ ஆற்றில் சால்மன் பருவம் பிப்ரவரி 1-ஆம் தேதி தொடங்குகிறது. பனி உருகிய தண்ணீரில் இடுப்பளவு நின்றுகொண்டு, மேலே சாரலும் காற்றும் அடிக்க, ஃபிளை ஃபிஷிங் செய்கிறான். நம் ஆட்கள் பலருக்கு இது பழக்கமில்லாத தூண்டில். நூலின் நுனியில் ஈயக்குண்டு கிடையாது, புழுவும் கிடையாது. இறகையும் நூலையும் முள்ளில் சுற்றிப் பூச்சிபோலக் கட்டியிருப்பார்கள். அதற்கு எடையே இல்லை என்பதால் தடித்த நூலின் சொந்த எடையைத்தான் முன்னும் பின்னும் வீசித் தூரத்துக்கு அனுப்ப வேண்டும். வலது கை கழியைப் பிடித்திருக்கும். நூல் அந்தக் கையின் ஆட்காட்டி விரலுக்கு அடியில் ஓடும். இடது கை அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே இருக்கும். மீன் பூச்சியைத் தொட்டால் முதலில் தெரிவது அந்த ஆட்காட்டி விரலுக்குத்தான், பெரும்பாலும் கண்ணுக்கு அல்ல. அந்த விரல் மரத்துப்போனால் மீன் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. "மாமா, கையுறை போட்டா நூலு தெரியல. போடலேன்னா விரலே தெரியல" என்றான். ஃபிளை ஃபிஷிங்கின் கையுறைப் பிரச்சினை முழுவதும் இந்த இரண்டு வாக்கியத்தில் இருக்கிறது.

குளிரில் விரல் மரப்பது விரலின் குற்றம் அல்ல. உடம்பு தன் நடுச்சூட்டைக் காப்பாற்ற முதலில் கைவிடுவது கையைத்தான். கைக்குப் போகும் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, சூடான இரத்தத்தை மார்புக்கும் வயிற்றுக்கும் வைத்துக்கொள்கிறது. விரலின் தோல் சுமார் 15 டிகிரிக்குக் கீழே இறங்கினால் முடிச்சுப் போடுவது தடுமாறும்; 8 டிகிரி அளவுக்கு வந்தால் தொடு உணர்வே மங்கிவிடும். ஈரம் இதை விரைவுபடுத்துகிறது. காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டை உறிஞ்சும். நனைந்த தோலில் காற்று படும்போது தண்ணீர் ஆவியாகிப் போகிற போக்கில் மிச்சச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். இதை அறிய ஸ்காட்லாந்து போக வேண்டாம். கோல குபு பாருவிலிருந்து மழையில் மோட்டார் ஓட்டிக்கொண்டு சுங்கை சோவுக்கு வந்து சேர்ந்தவர்கள், வீட்டு வாசலில் சாவியைத் திருப்ப முடியாமல் நின்றிருப்பார்கள். வெப்ப நாட்டிலும் நனைந்த கைக்குக் குளிர் உண்டு.

இந்தக் காரணத்தால் கையுறை வாங்குவதற்கு முன் மற்ற இரண்டைப் பார்க்கச் சொல்வேன். ஒன்று மார்பு. உள்ளே கம்பளிச் சட்டை நன்றாக இருந்தால் உடம்பு கையைக் கைவிடுவதற்கு அவசரப்படாது. இரண்டாவது மணிக்கட்டு. தூண்டிலை வீசக் கையை உயர்த்தும்போதெல்லாம் மழைத்தண்ணீர் விரலிலிருந்து முழங்கைக்கு உள்ளே ஓடும். மழைக்கோட்டின் கைநுனி மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்காவிட்டால் எந்தக் கையுறை போட்டும் பயனில்லை. இரத்தம் தோலுக்கு மிக அருகில் ஓடும் இடம் மணிக்கட்டு. அது நனைந்திருக்கும்வரை விரலுக்குச் சூடு போய்ச் சேராது.

கையுறையின் துணிக்கு வருவோம். பருத்தி குளிர் மழைக்கு உதவவே உதவாது. அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், விடாது. நனைந்த பருத்திக் கையுறையைப் போட்டிருப்பதைவிட வெறுங்கையாக இருப்பது மேல்; வெறுங்கையையாவது துடைத்துக் காயவைக்கலாம். பருத்தியின் இந்தக் குணத்தை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் இதற்கு வேலை இருக்கிறது. தோல் கையுறை காய்ந்திருக்கும்போது அழகு. நனைந்து காய்ந்தால் விறைத்துவிடும். கம்பளி வேறு சாதி. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் கைக்கு நனைந்ததுபோல் தெரியாது. இழைகளுக்கு நடுவே காற்று தங்குவதால் பிழிந்து போட்டாலும் கதகதப்பு மிஞ்சும். நியோப்ரீன் என்பது 1930-இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பிறந்த செயற்கை ரப்பர். அதை நுரையாக்கிச் செய்த கையுறையில் மூடிய சின்னக் குமிழ்கள் நிறைந்திருக்கும். அந்தக் குமிழ்கள்தான் குளிரைத் தடுக்கின்றன. தண்ணீரில் கை விட்டு வேலை செய்பவர்களுக்கு அதைவிட நல்லது இல்லை. ஆனால் தடிப்பு. நியோப்ரீன் போட்ட விரலால் மெல்லிய நூலில் முடிச்சுப் போட முயல்பவர் கடைசியில் பல்லால் கையுறையைக் கழற்றுவார்.

என் அக்கா மகனுக்கு ஒத்து வந்தது இரண்டடுக்கு. உள்ளே, மருத்துவமனையில் போடுவதுபோன்ற மெல்லிய நைட்ரைல் கையுறை. மேலே, விரல் நுனி வெட்டிய கம்பளிக் கையுறை. நைட்ரைல் தண்ணீரையும் காற்றையும் தோலுக்கு வரவிடாது. தோலில் ஆவியாதல் நின்றாலே பாதிக் குளிர் போய்விடும். கம்பளி சூட்டைப் பிடித்து வைக்கும். நுனியில் நைட்ரைல் மட்டும்தான் இருக்கிறது என்பதால் நூல் ஓடுவது தெரிகிறது. உள்ளே வியர்க்கும், அதனால் நண்பகலில் மாற்றிப்போட இன்னொரு ஜோடி நீர்ப்புகாத பையில் வேண்டும். குளிர் ஆற்றுக்குப் போகிறவர்கள் விலை உயர்ந்த ஒரு ஜோடியைவிட நடுத்தர விலையில் இரண்டு ஜோடி வாங்குவதே புத்திசாலித்தனம். அவன் அனுப்பிய படத்தில் நைட்ரைல் பெட்டியும் தெரிந்தது. மலேசியாவில் செய்தது.

தமிழ் மண்ணிலேயே இந்தக் கையுறைக்கு வேலை உள்ள இடம் நீலகிரி. 1907-இல் எச். சி. வில்சன் அவலாஞ்சியில் மீன்குஞ்சுப் பொரிப்பகம் அமைத்து வானவில் டிரவுட் மீனை அந்த மலையோடைகளில் நிலைக்க வைத்தார். தென்மேற்குப் பருவத்தில் அவலாஞ்சியின் மழை சாதாரண மழை அல்ல; 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய ஊர் அது. சாரலும் மூடுபனியும் மலைக்காற்றும் சேர்ந்த அந்த நாட்களில் அங்கே தூண்டில் போடுபவருக்குக் கம்பளியும் நைட்ரைலும் சேர்ந்த அதே ஏற்பாடு பொருந்தும்.

நம் சிலாங்கூர் ஆற்றுக்கு அது தேவையில்லை. தித்திவங்சா மலையிலிருந்து இறங்கி, கோல குபு பாருவைத் தொட்டு, பெஸ்தாரி ஜெயா வழியாக, மின்மினிகள் கூடும் கம்போங் குவாந்தானைக் கடந்து கோல சிலாங்கூரில் கடலில் சேர்கிறது ஆறு. மேல்பகுதியில் கெலாவும் தெங்காசும் சிபாராவும். கீழே உப்பும் நன்னீரும் கலக்கும் இடத்தில் நீலக்கால் பெரிய இறால், மலாய்க்காரர் சொல்லும் ஊடாங் காலா. அந்த இறாலின் கொடுக்குக்கு மட்டும் கடைகளில் கிடைக்கும் ரப்பர் பூசிய கையுறை பயன்படும். மேலே மலைத்தண்ணீரில் கெலாவுக்குப் பூச்சித் தூண்டில் போடும் இளைஞர்கள் இப்போது நம்மிடையே பெருகியிருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: நூல் உரசி ஊறிய விரல் அறுபடாமல் இருக்க ஆட்காட்டி விரலின் நடுக்கணுவுக்கு மட்டும் ஒரு மெல்லிய உறை போட்டுக்கொள்ளுங்கள். மீன் கைக்கு வரும்போது எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கையை ஆற்றில் நனைத்த பிறகே தொடுங்கள். மீனின் மேல் இருக்கும் வழவழப்பு அதன் தோலுக்குக் காவல். கிருமியும் பூசணமும் உள்ளே போகாமல் தடுப்பது அதுதான். காய்ந்த கையோ கம்பளியோ பட்டால் அது உரிந்துபோகும். ஆற்றில் விட்ட மீன் நம் கண்முன்னே நீந்திப் போகும்; அதற்குப் பிறகு புண் வந்து செத்தால் நமக்குத் தெரியப்போவதில்லை. கெலா மெதுவாக வளரும் மீன், காவிரி மகசீரின் உறவு. பிரேசர் மலைக்குப் போகும் வழியில் சிலிங் ஆற்றை மீன்வளத்துறை காப்பிடமாக வைத்திருப்பதே இந்த இனத்துக்காகத்தான். அங்கே தூண்டிலுக்கு இடமில்லை. முழங்கால் தண்ணீரில் நின்றால் கெலாக் கூட்டம் காலைச் சுற்றிவரும்.

நனைந்த வெறுங்கை நாம் நினைப்பதுபோல் உதவியற்றதும் அல்ல. தண்ணீரில் ஊறிய விரல் நுனி சுருங்குவதைப் பார்த்திருப்போம். தோல் ஊதிப்போவதால் அப்படி ஆகிறது என்று நெடுநாள் நம்பினார்கள். விரலின் நரம்பு அறுபட்டவர்களுக்கு அந்தச் சுருக்கம் விழுவதில்லை என்பதை 1930-களிலேயே மருத்துவர்கள் கவனித்தார்கள்; அப்படியென்றால் அது உடம்பு தானாகச் செய்யும் காரியம். 2013-இல் இங்கிலாந்தின் நியூகாசல் பல்கலைக்கழகத்தார், சுருங்கிய விரல்கள் நனைந்த பொருள்களை விரைவாகக் கையாளுகின்றன என்று சோதித்து எழுதினார்கள். அடுத்த ஆண்டே பெர்லினில் செய்த சோதனையில் அப்படி வேறுபாடு தெரியவில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை. நான் நியூகாசல் பக்கம். ஊறிய விரலோடு ஓடைக்கல்லையும் ஆருவானையும் பிடித்து வளர்ந்தவனுக்கு வேறு பக்கம் சேர மனம் வராது.

அந்த நைட்ரைல் பெட்டிக்குத் திரும்புகிறேன். அப்படிப்பட்ட கையுறைகளைச் செய்த ஊர்களில் ஒன்று பத்தாங் பெர்ஜுந்தை. அதற்கு இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர். தகரமும் ரப்பரும் ஆண்ட ஊர். அதன் சுற்றுவட்டாரத்தில் ரந்தாவ் பஞ்சாங் தோட்டத்தைத் திறந்த பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபொகொனியே, மலாயாவைப் பற்றி எழுதிய நாவலுக்கு 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசு வாங்கினார். இந்த நாட்டில் வணிக முறையில் முதன்முதலாகச் செம்பனை போடப்பட்டது 1917-இல், அவருடைய தென்னமரம் தோட்டத்தில். பிற்காலத்தில் வட சிலாங்கூரின் கித்தாக் காடுகளை விழுங்கிய பயிர் அங்கிருந்துதான் புறப்பட்டது. கையுறை பிறகு வந்தது. 1980-களில் எய்ட்ஸ் பயம் உலகத்தைப் பிடித்ததும் மருத்துவக் கையுறைக்கு ஏகக் கிராக்கி. பால் இங்கே, துறைமுகம் கிள்ளானில். மேருவிலும் சுங்கை பூலோவிலும் இன்னும் பல இடங்களிலும் கையுறை ஆலைகள் முளைத்தன. 1988-இல் தொடங்கிய ஹார்த்தாலேகா நிறுவனம் பெஸ்தாரி ஜெயாவில் ஆலை போட்டது. உலகம் போடும் ரப்பர் கையுறைகளில் பாதிக்கு மேல் மலேசியக் கையுறை என்ற நிலை வந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் தலைகால் தெரியாமல் ஓடிய தொழில் பிறகு படுத்தது. 2023-இல் பெஸ்தாரி ஜெயா ஆலையை மூடி உற்பத்தியைச் சிப்பாங்குக்குக் கொண்டுபோவதாக அந்த நிறுவனம் அறிவித்தது.

கையுறை ஆலையில் பார்க்க வேண்டியது பீங்கான் கைகள். மணிக்கட்டுவரை உள்ள வெள்ளைப் பீங்கான் கைகள் சங்கிலியில் வரிசையாகத் தலைகீழாகத் தொங்கி நகரும். முதலில் கால்சியம் நைட்ரேட் கரைசலில் முங்கும். அது பாலை உறைய வைப்பதற்கு. அடுத்துப் பால் தொட்டி. வெளியே வரும்போது கையில் ஓர் ஈரத்தோல் ஒட்டியிருக்கும். வெந்நீரில் அலசி, அடுப்பில் வேகவைத்து, கடைசியில் ஒரே இழுப்பில் உருவுவார்கள். நைட்ரைல் என்றால் அந்தத் தொட்டியில் இருப்பது மரத்துப் பால்கூட அல்ல, பெட்ரோலியத்திலிருந்து செய்த செயற்கைப் பால். இயற்கை ரப்பரின் புரதம் சிலருக்கு ஒவ்வாமை தந்ததால் மருத்துவ உலகம் அதன் பக்கம் சாய்ந்தது.

இந்தக் கைகளை எனக்கு முன்பே தெரியும். அம்மா பால் வெட்டிவிட்டு வரும்போது அவர் விரல்களில் பால் காய்ந்து படிந்திருக்கும். மங்குகளை வழித்து வாளியில் ஊற்றும்போது வழிந்த பால், வெட்டுக்கோட்டில் ஒட்டுப்பால் பிடுங்கும்போது ஒட்டிய பால், எல்லாம் காற்றில் உறைந்து பழுப்பேறிய சவ்வாக விரலைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும். லயத்து வாசலில் உட்கார்ந்து அதை உரிப்போம். நகத்தால் மணிக்கட்டுப் பக்கம் கிளப்பிவிட்டு மெல்ல இழுத்தால் பாம்புச் சட்டைபோல் கழன்று வரும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அதன் உட்புறத்தில் அம்மாவின் விரல்ரேகை வரிவரியாகப் பதிந்திருக்கும். உரிந்த இடத்தில் பழைய உளிக்காயங்கள் வெளுத்துத் தெரியும். பால் கெடாமல் இருக்க வாளியில் விடும் அமோனியா அந்தக் காயங்களில் பட்டால் எரியும் என்பார்.

கையுறையின் வரலாற்றை எழுதுபவர்கள் பால்டிமோரில் தொடங்குவார்கள். 1889-90 குளிர்காலத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்கூடச் செவிலியர் கரோலின் ஹாம்ப்டனின் கைகள் பாதரசக் கிருமிநாசினியில் புண்ணாயின. அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், குட்இயர் நிறுவனத்திடம் சொல்லி அவருக்கு மெல்லிய ரப்பர் கையுறை செய்து கொடுத்தார்; அந்த ஆண்டே இருவருக்கும் திருமணம். அழகான கதை, உண்மையும்கூட. ஒரு பெண்ணின் கை புண்ணாகிறது என்று ஒருவர் கவலைப்பட்டதால் பிறந்த பொருள் அது. சிங்கப்பூருக்கு 1877-இல் வந்து சேர்ந்த 22 ரப்பர் கன்றுகளின் வம்சம் மலாயாவில் தோட்டமாகப் பரவாத காலம் அது. பிறகு தோட்டங்கள் வந்தன, தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள், அந்தக் கையுறைக்கான பால் இங்கிருந்து போயிற்று. பாலை எடுத்துக் கொடுத்த பெண்களின் கைகளைப் பற்றி அதே கவலையோடு யோசித்தவர்கள் மிகக் குறைவு.

பால் வெட்டுக்குக் கையுறை பொருந்தாது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். உளி சீவ வேண்டியது ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை. பால்குழாய்கள் உயிர்ப்படலத்துக்குப் பக்கத்தில்தான் அடர்த்தி. ஆகவே ஆழமாகப் போக வேண்டும், ஆனால் அந்தப் படலத்தைத் தொட்டுவிடக் கூடாது. தொட்டால் மரம் காயம்பட்டு முண்டு போடும், அடுத்த முறை அந்தப் பட்டையில் உளி ஓடாது. செடிக்குள் நீரழுத்தம் கூடுதலாக இருக்கும் நேரம் விடியலுக்கு முன் என்பதால், இதையெல்லாம் நெற்றி விளக்கு வெளிச்சத்தில், பனி சொட்டும் மரத்தடியில் செய்ய வேண்டும். கண் பாதிதான் பார்க்கும். உளி எங்கே இருக்கிறது என்பதை விரல் நுனிதான் சொல்லும். டீ ஆற்றில் நூலுக்கு அடியில் வைத்திருக்கும் விரலும் அம்மாவின் உளிவிரலும் ஒரே வேலை செய்கின்றன. வேறுபாடு, ஆற்றுக்காரர் எந்த விரலை மூடுவது என்று தானே முடிவு செய்கிறார். என் மாமாவும் கைலித் துணியைச் சுற்றும்போது அப்படித்தான் முடிவு செய்தார்.

முடிவு செய்ய முடியாமல் போனவர்கள் மருந்து அடித்த பெண்கள். கித்தா போய்ச் செம்பனை வந்தபோது பால்வெட்டுப் பெண்கள் பலர் முதுகில் மருந்துத் தோம்பைச் சுமக்கும் வேலைக்கு மாற்றப்பட்டார்கள். என் சின்னம்மாவும் அதில் ஒருவர். அடித்தது பாராகுவாட் என்ற புல்மருந்து. விரலிடுக்கில் வெடிப்பு இருந்தால் அது வழியாகவே உடம்புக்குள் போகக்கூடிய விஷம். நகம் நிறம் மாறிக் கழன்று விழும், மூக்கில் இரத்தம் வரும். சின்னம்மா வேலை செய்த தோட்டத்தில் கையுறை கொடுத்தார்கள். அது பருத்திக் கையுறை. காலையில் முதல் தோம்பைக் கலக்கும்போதே நனைந்துவிடும். பகல் முழுக்க அந்த ஈரத்தோடுதான் கை இருக்கும். தண்ணீரைக் குடித்து விடாமல் வைத்திருக்கும் அதே குணத்தால், பருத்தி விஷத்தையும் தோலோடு சேர்த்து மணிக்கணக்கில் கட்டி வைத்தது. வீட்டுக்கு வந்து அந்தக் கையால் சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்ட சின்னம்மாவைப் பார்த்திருக்கிறேன். கையுறை கொடுத்த கணக்கு மட்டும் ஸ்டோர் புத்தகத்தில் சரியாக ஏறியிருக்கும்.

ஐரின் பெர்னாண்டசின் தெனாகானித்தா அமைப்பு தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களைத் தேடிச் சென்று அவர்கள் உடல்நிலையைப் பதிவு செய்து 2002-இல் வெளியிட்டது. அதே ஆண்டில் அரசு பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்த முடிவு செய்தது. 2006-இல் அந்த முடிவைத் தளர்த்தியது. கடைசியில் 2020 ஜனவரி 1-இலிருந்து முழுத்தடை வந்தது. முதல் முடிவுக்கும் தடைக்கும் இடையில் பதினெட்டு ஆண்டுகள். அந்த ஆண்டுகள் எத்தனை பேர் கையில் ஏறி இறங்கின என்பதை எழுதி வைக்க யாரும் இல்லை. பாராகுவாட் போனாலும் புல்மருந்து போகவில்லை. வேறு பெயர்களில் அதே தோம்பு, அதே முதுகு. இப்போது அதைச் சுமப்பவர்களில் நம் பெண்கள் குறைவு. இந்தோனேசியர், வங்காளதேசியர், நேபாளியர் அதிகம்.

மெல்லிய நைட்ரைல் கையுறை ஆற்றுக்கு நல்லது, மருந்துக்குப் போதாது. மருந்துக்கு வேண்டியது முழங்கைவரை நீளும் தடித்த நைட்ரைல். பால்வெட்டில் சொல்லக்கூடிய காரணம் மருந்தடிப்பில் இல்லை. தோம்பின் விசையை அழுத்தும் விரலுக்கு நுனி உணர்வு எதற்கு? 1994-ஆம் ஆண்டுத் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி பாதுகாப்புச் சாமான் கொடுப்பது முதலாளியின் கடமை. அதற்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கவும் கூடாது.

இதைப் படிப்பவர்களில் சுங்கை சோவிலும் புக்கிட் ரோத்தானிலும் நாலைந்து ஏக்கர் செம்பனை வைத்திருப்பவர்கள் இருப்பீர்கள். அடுத்த முறை புல்மருந்து அடிக்க ஆள் வரும்போது பருத்திக் கையுறையைக் கொடுக்காதீர்கள். நீளமான நைட்ரைல் கையுறை வாங்கி வையுங்கள். வேலை முடிந்ததும் கையில் போட்டபடியே சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டுப் பிறகு கழற்றச் சொல்லுங்கள். ஓட்டை விழுந்த அன்றே புதிய ஜோடி கொடுங்கள். அதன் விலையை அவர் சம்பளத்தில் கழிக்காதீர்கள்.